பொன்விழா நாளில் ஆடிக் கூழ்

கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாவுக்கு வழிவிட எழுந்து நின்றேன். அதனால்தான் நான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரானேன். வேறு தகுதி எதுவும் எனக்குக் கிடையாது.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளி. வழக்கமாகக் கூட்டங்களுக்கு என் மனைவிதான் போவாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று தறியை விட்டு இறங்கி நான் போனேன். "தலைவரா பொறுப்பெடுக்க யாரு முன்வாறீங்க?" என்று தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டதும் கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வர, நான் எழுந்து நின்றேன். கைதட்டிவிட்டார்கள். திரும்ப உட்கார்ந்தால் அசிங்கம் என்று நின்றபடியே கும்பிட்டு வைத்தேன்.

சிஸ்டருக்குத் தூத்துக்குடிப் பக்கம். குள்ளமான உருவம், வேகமான நடை. அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "தலைவரே" என்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

பள்ளிக்கு அடுத்த ஆண்டு பொன்விழா. சிஸ்டருக்கு அதில் இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, பிள்ளைகளுக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழு. இன்னொன்று பெரிய ஆசை. எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஐயம்பேட்டை மாதிரி ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வருகிற பிள்ளைகளில் சிலர், புது இடமா, வேண்டாம் என்று வீட்டில் சொன்னதும் அதோடு நின்றுவிடுவார்கள். பதினொன்றும் பன்னிரண்டும் இங்கேயே வர வேண்டும் என்று சிஸ்டர் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். இரண்டு முறை நானும் கூடப் போனேன். ஒவ்வொரு முறையும் "பாக்கலாம் சிஸ்டர்" என்றுதான் பதில் வந்தது.

முதல் ஆசை சீக்கிரம் நிறைவேறியது. பழைய மாணவிகள் சேர்ந்து வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். விளையாட்டு டீச்சர் பயிற்சி கொடுத்தார். பெரிய டிரம்மை உயரமான ஒரு பெண்ணின் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி அடிக்க, என் மகள் வரிசையை விட்டுப் போய், "டீச்சர், ஒரு வாட்டி நான் அடிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். என் மகள் ஒல்லி. டிரம்முக்குப் பின்னால் நின்றால் இரட்டைச் சடையும் கால்களும்தான் தெரியும். அவள் அடித்த முதல் அடியில் பள்ளிக் கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டனவாம். டீச்சர் அதற்குமேல் யோசிக்கவில்லை.

வீட்டில் அரிசி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுப் பயிற்சி நடந்தது. நான் தறியில் உட்கார்ந்து மிதித்தால் என் கால் என் பேச்சைக் கேட்காது. அவள் அடிக்கிற தாளத்துக்கே மிதிக்கும்.

"யம்மா, கொஞ்சம் மெதுவா அடியேன். சேலையில பூ தப்பிப் போவுது."

"நீ வேகமா நெய்யிபா. ஆண்டவர் வர்ற அன்னிக்கு நான் இதே வேகத்துலதான் அடிக்கணும்."

ஆண்டவர் என்று அவள் சொன்னது பொன்விழாவுக்குச் சிஸ்டர் அழைத்திருந்த ஆயரை, அதாவது பிஷப்பை. கத்தோலிக்கர்கள் தங்கள் ஆயரை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்களுக்கு ஆண்டவர் என்றால் ஏகாம்பரநாதர்தான். ஒரு நாள் மதியம் சிஸ்டர் ஃபோனில், "தலைவரே, ஆண்டவர்கிட்ட பேசிட்டேன், ஆகஸ்ட் பதினைந்துக்கு வாறேன்னு சொல்லிட்டாங்க" என்றார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அடுப்பங்கரையில் இருந்த என் மனைவிக்கும் கேட்டுவிட்டது. கரண்டியோடு வந்து நின்றாள். "ஆண்டவரு பேசினாரா? யாரு கிட்ட?"

ஆகஸ்ட் பதினைந்து சுதந்திர தினம். மாதாவின் திருநாளும் அன்றுதான். ஆயருக்கு வேறு தேதி இல்லை. ஆனால் அன்றைக்கே எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கடைசிக் கூழ். பள்ளி வாசலுக்குப் போகிற தெருவின் நட்ட நடுவில்தான் பந்தல் போடுவார்கள். விழாக் கமிட்டியின் தலைவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன். போய் நின்றேன்.

"மச்சான், அன்னிக்கு ஆண்டவரு வராரு."

"எந்த ஆண்டவரு?"

"எங்க ஸ்கூலு ஆண்டவரு. காருல வராரு. பந்தல கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?"

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ஆத்தாவ தள்ளி உக்காருன்னு சொல்லச் சொல்றியா? அது முடியாது. ஒரு காரு போற மாதிரி ஓரமா வழி வுடறேன், போ."

சொன்னபடி வழி விட்டார். பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்குக் காலை அந்த வழியில் ஒலிபெருக்கி வேன் வந்து நின்றது. அதன் பின்னால் கூழ் அண்டா இறக்கிய வண்டி. அதன் பின்னால் பாத்திரத்தோடு பெண்கள் வரிசை.

பள்ளியில் காலையில் கொடியேற்றம் நன்றாகவே முடிந்தது. ஆயர் எங்கேயோ திருப்பலிப் பூசை முடித்துவிட்டு நண்பகலில் வருவதாக ஏற்பாடு. வெள்ளைச் சீருடையும் சிவப்புத் தொப்பியுமாகப் பேண்டு பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். என் மகளின் முகம் டிரம்முக்கு மேலே பாதிதான் தெரிந்தது. நான் வரவேற்புரையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஆயரின் டிரைவரிடமிருந்து ஃபோன். "தெருவுல கூட்டமா இருக்குதுங்க. காரு உள்ள வராது."

சிஸ்டரின் முகம் வாடிவிட்டது. "தலைவரே, என்ன செய்ய?"

"நான் இட்டுக்கினு வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு என் மொபெட்டை எடுத்தேன். சந்து சந்தாகப் புகுந்து மெயின் ரோடு போனேன்.

காருக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கியும் இடுப்பில் ஊதாக் கச்சையுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கூட ஒரு இளம் சாமியார், கையில் நீளமான ஒரு பை. ஆயரின் செங்கோல் அதற்குள் மூன்று துண்டாக இருக்கிறதாம், கழற்றி மாட்டலாமாம். ஆயரின் மோதிரத்தை முத்தமிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் என் கைகள் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டன.

"வணக்கம் ஆண்டவரே. நான்தாங்க பெற்றோர் சங்கத் தலைவர். காரு போகாது. இதுல..." என்று மொபெட்டைக் காட்டினேன்.

அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரைத் தாங்குமா?"

"பட்டு மூட்டையே தாங்குதுங்க."

சிரித்துக்கொண்டே அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டார். இளம் சாமியார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். வழியெல்லாம் ஜன்னலிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆயர் மட்டும் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே வந்தார்.

பந்தலுக்கு வந்ததும் வண்டியும் போகவில்லை. பம்பைக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இவருதான் ஆண்டவரா? வாங்க சாமி. ஆத்தா வாசலுக்கு வந்துட்டு கூழு குடிக்காம போகக் கூடாது."

நான் மச்சானிடம் கண்ணைக் காட்டினேன். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆயரோ வண்டியிலிருந்து இறங்கி, "கருவாட்டுக் குழம்பு இருக்குதா?" என்று கேட்டார்.

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், பந்தல் குலுங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சொம்பில் கூழும், இலையில் முருங்கைக்கீரையும், கருவாட்டுக் குழம்பும் வந்தன. அவர் சின்ன வெங்காயம் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டார்.

"எங்க வீடு விவசாயக் குடும்பம்மா" என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னார். "ஊருல எங்க வீட்டுல கூழு ஊத்த மாட்டாங்க. பக்கத்து வீட்டுல ஊத்துவாங்க. ஆடி மாசம் ஆனா அவங்க வீட்டு வாசல்லயே சொம்போட நிப்பேன். சாமியார் படிப்புக்கு செமினரிக்குப் போனப்புறம் அது ஒண்ணுதான் பெரிய கொறை."

இதற்குள் சேதி பள்ளிக்குப் போய்விட்டது. ஆண்டவர் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டதும் சிஸ்டர் என்ன நினைத்தாரோ, "அவங்க வரட்டும்னு நாம ஏன் நிக்கணும்? நடங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டாராம். தெருமுனையில் சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. பேண்டு வாசித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தது.

பந்தலுக்குப் பக்கத்தில் வந்ததும் பேண்டு சத்தமும் பம்பைச் சத்தமும் மோதிக்கொண்டன. ஒன்றும் புரியாத இரைச்சல். விளையாட்டு டீச்சர் கையை உயர்த்தினார், பேண்டு நின்றது. அதே நொடியில் மரியாதைக்காகப் பம்பைக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்க அமைதி. யார் முதலில் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது என் மகள் டிரம்மை ஒரு அடி அடித்தாள். நிறுத்தி, பம்பைக்காரரைப் பார்த்தாள். அவர் மீசைக்குள் சிரித்தபடி அதே மாதிரி ஒரு அடி அடித்தார். இவள் இரண்டு. அவரும் இரண்டு. இவள் நடையைக் கூட்டினாள். அவர் அதற்குள் தன் உருட்டலைச் சேர்த்தார். சின்ன டிரம் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். அதற்குப்பிறகு எது பேண்டு எது பம்பை என்று பிரிக்க முடியவில்லை. கூழ் வரிசையில் நின்ற ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. மச்சான் ஓடிப்போய்த் திருநீறு போட்டார். பேண்டு நிற்கவில்லை. ஆயர் காலிச் சொம்பில் தாளம் போட்டார். என் மகளின் கைகளைப் பார்த்தேன். அரிசி டிரம்மில் அடித்தபோது நான் அதட்டிய அதே கைகள்தான். ஆனால் அவை இவ்வளவு பெரிய சத்தத்தைப் பிடித்து நிறுத்தி நடத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தோளு வலிக்கப் போவுது அவளுக்கு" என்று சொன்னாள்.

அப்படியே ஊர்வலமாகப் பள்ளிக்குப் போனோம். பம்பைக்காரர்கள் வாசலிலேயே நின்றுகொள்ளப் பார்த்தார்கள். சிஸ்டர் விடவில்லை. "உள்ள வாங்க அண்ணாச்சி, வெயில்ல நிக்காதீங்க." பாதித் தெரு அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

வரவேற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மனப்பாடம் செய்தது ஒரு சொல்லும் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம். ஆண்டவர நான் பாதி வழிதான் இட்டுக்கினு வந்தேன். மீதி வழி நம்ம பொண்ணுங்க இட்டுக்கினு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்கே கைதட்டல் ஓய நேரமானது.

ஆயர் எழுந்தார். கூழைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், பள்ளியைத் தொடங்கிய சிஸ்டர்களைப் பற்றிப் பேசினார். பிறகு, "ஒரு சேதி இருக்கு. ரெண்டு நாளா உங்க சிஸ்டர் அத மடியில கட்டிக்கிட்டு இருக்காங்க. நான்தான் சொல்லணுமாம்" என்றார். "அடுத்த ஜூன் மாசம் இந்தப் பள்ளியில பதினொண்ணாவது ஆரம்பம். அனுமதி வந்துருச்சு."

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்துதான் முதல் கூச்சல் வந்தது. ஐயம்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் பெஞ்சுமேல் ஏறி நின்றுவிட்டாள். வேறு நாளாக இருந்தால் சிஸ்டர் ஒரு பார்வையில் இறக்கியிருப்பார். அன்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சிஸ்டர், எங்கிட்ட கூட சொல்லலியே" என்றேன்.

"சொன்னா உங்க முகத்துலயே ஊரு படிச்சிருமே தலைவரே."

சாயந்தரம் மகளின் தோளில் வார் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது. அவள் அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "பதினொண்ணாவதுல அக்கவுன்ட்ஸ் எடும்மா, நல்லது" என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். "பயாலஜிபா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

இந்த ஜூனில் வகுப்பு தொடங்கிவிட்டது. புதுக் கட்டடத்துக்குப் பூச்சு வேலை முடியவில்லை, பெஞ்சும் வரவில்லை. அரங்க மேடையில் பாய் விரித்து முதல் வகுப்பு நடந்ததாம். ஐயம்பேட்டைப் பெண்ணும் சேர்ந்திருக்கிறாள், இவளுக்குப் பக்கத்து இடம். முதல் நாள் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் என் தறியோரம் வந்து நின்றாள்.

"எப்படிமா இருக்குது?"

"கஷ்டமா இருக்குதுபா. ஒண்ணுமே புரியல." மூச்சு வாங்கினாள். "ஆனா மிஸ்ஸு நாளைக்கு ஒரு தவளையோட உள்ளல்லாம் எப்படி இருக்கும்னு படம் போட்டுக் காட்டப் போறாங்களாம். சீக்கிரமா சாப்பாடு போடச் சொல்லேன், பசிக்குது."