அம்மா வழி மங்கு

யுத்த காலத்தில் விழுப்புரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். இருபத்தைந்து வயது தாண்டிய ஒரு கோடையில் என் இரண்டு கன்ன எலும்புகளின் மேலும் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. வேர்க்குரு ஆறிய தடம் என்று நினைத்தேன். ஆடி பிறப்பதற்குள் அவை ஒன்றோடொன்று கூடி, புறங்கைக்கும் வந்துவிட்டன. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து எரிச்சலில் அழுததுதான் மிச்சம்.

வளவனூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமியார் ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ எம் மருமவளத் தொடாதம்மா. வேற யாரையாச்சும் வரச்சொல்லு."

"ஏங்க?"

"கையப் பாரு. பெருவியாதி மாதிரி இருக்குது."

மேட்ரன் காதிலும் அது விழுந்தது. பட்டணம் போயிருந்த டாக்டரம்மா திரும்பி வரும்வரை பிரசவ அறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி, துணி மடிக்கும் வேலை கொடுத்தார். "உன் அம்மாவுக்கு இப்படி இருந்ததா?" என்றும் கேட்டார். தெரியாது என்றேன். அம்மா எனக்கு நினைவு தெரியுமுன்பே இறந்தவள். அப்பாவும் போனபின் கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தேன். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து அப்பாவைக் கட்டிக்கொண்டதால் அம்மாவின் வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள்.

துணி மடிக்கும்போது ஊக்கால் புறங்கையைக் குத்திப் பார்ப்பேன்; குஷ்டமென்றால் உணர்ச்சி இருக்காதே. வலிக்கும். இன்றைக்கு வலிக்கிறது, நாளைக்கு? மறுபடி குத்துவேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், படுத்தால் புரளுவேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு திண்டிவனத்துக்கு ரயிலேறினேன். அம்மாவின் அக்கா அங்கே இருக்கிறாள் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார்.

விசாரித்துக்கொண்டே போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டு முற்றத்தில், முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் மல்லாட்டைக் கடலை காய வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பேரைச் சொல்லி, அவள் மகள் என்றேன். நிமிர்ந்த வேகத்தில் முக்காடு நழுவியது. அதே எலும்பின் மேல், அதே பழுப்பு.

"இது உங்களுக்கு எப்ப வந்துச்சி பெரியம்மா?"

"ஒன் வயசுலதான். ஒங்கம்மாளுக்கும் வந்துச்சி. எங்கப்பாருக்கு வயசான காலத்துல கையெல்லாம் புள்ளி. அவரு ஆம்பள, ஒருத்தரும் கேக்கல. என்னிய மட்டும் எம் புருஷன் கொண்டாந்து வுட்டுட்டுப் போயிட்டாரு."

அது அவள் அண்ணன் வீடு. அங்கே அவளுக்குத் தனித் தட்டு. தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றுவார்கள்.

"டாக்டருகிட்ட காட்டலியா?"

"காட்டி, ஆமான்னு சொல்லிட்டா?"

என் பயமும் அதுதான். "என்கூட வாங்க, ரெண்டு பேருமா காட்டிக்கலாம்" என்றேன். வெகுநேரம் கெஞ்சிய பிறகு வந்தாள். ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து நின்றாள். விக்கிரவாண்டியில் படிவரைக்கும் போய்விட்டாள். "நீ போம்மா, நான் திரும்பிப் போறேன்" என்றவளை இழுத்து உட்கார வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சின் நுனியால் கன்னத்தையும் கையையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். காது மடலைத் தடவினார், முழங்கை நரம்பை அமுக்கினார். பெரியம்மாவின் வாய் ஜெபம்போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"இது பெருவியாதி இல்லை. வெறும் மங்கு. உங்க குடும்பத்து ரத்தத்துல வர்றது. வெயில் பட்டா இன்னும் கறுக்கும், குடை பிடிச்சிக்கிட்டுப் போங்க."

"மருந்து?" என்றேன்.

"நோய் இருந்தாத்தானே மருந்து?"

பெரியம்மா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "அப்ப இத்தினி வருஷம்?" என்று கேட்டாள். டாக்டரம்மா கையைக் கழுவப் போனார்.

பெரியம்மா ஊர் திரும்பவில்லை, என்னோடு தங்கிவிட்டாள். ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டாச்சிபுரத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த புருஷனைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அங்க போயி இருக்கப்போறீங்களா?"

"இருக்கறதுக்கா? சொல்லிட்டு வர்றதுக்கு."

கூட்டிப்போனேன். அவர் வீட்டு வாசலில், முக்காட்டை எடுத்துவிட்டு வெயிலில் நின்றாள். "எனக்கு ஒண்ணுமில்ல. டாக்டரம்மா பாத்துட்டாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இப்ப வந்து சொன்னா நான் இன்னா பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சொல்ல வந்தேன், சொல்லிட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள். நான்தான் முழித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் இருந்த என் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிரசவ அறையில் மறுபடி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் அவ்வளவு ஜல்தியில் மாறிவிடவில்லை. தெருக் குழாயில் பெரியம்மா குடத்தை வைத்தால் இரண்டொருவர் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். அவள் முகத்தை மூடமாட்டாள். தன் முறை வரும்வரை நின்று, நிறைத்துக்கொண்டுதான் வருவாள். எனக்குத்தான் பொறுக்காது. அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.