ஐந்து நிமிடச் சாட்சி

ராட்லிஃப் வீட்டில் கோபம் வாய்க்கு வருமுன் கைக்கு வந்துவிடும். அப்பா ரஸ்ஸல் நிலக்கரிச் சுரங்கத்தில் தூசி தின்ற மனிதர். மூச்சு முட்டும்வரை அடிப்பார். சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடிப்பார். மகள் டாவியாவைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த அண்ணன் கார்பினின் இடது காது அப்படிப் போனதுதான். கடைசியில் அந்தத் தூசியே அப்பாவைத் தின்றது. அடக்கம் முடிந்த கையோடு கார்பின் அதே சுரங்கத்தில் இறங்கினான். டாவியா கல்லூரியில் வேதியியல் சேர்ந்தாள்.

அந்தக் கோடையில் வாஷிங்டனில் அறிவியல் கொள்கை வகுக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் அவளுக்குப் பயிற்சி கிடைத்தது. சுரங்கத் தூசிக்குப் புது வரம்பு விதிக்கும் வரைவு அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. ஆய்வறிக்கைகளைச் சுருக்கி எழுதுவாள். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல, கழுத்தில் அடையாள அட்டை ஆடஆடச் சாப்பிடப் போவாள். ஜூலையில் பொது விசாரணைக்காக அதிகாரிகள் வெஸ்ட் வர்ஜீனியாவுக்குக் கிளம்பினார்கள். இடம், அவள் படித்த பள்ளியின் கூடைப்பந்து அரங்கம்.

விசாரணையில் அரசுத் தரப்பு வாதாடக் கூடாது. காதைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பேச வருகிறவருக்கு ஐந்து நிமிடம். மைக்கில் சொன்னதைச் சுருக்கெழுத்துக்காரம்மா தட்டினால்தான் அது சாட்சி, இல்லாவிட்டால் வெறும் காற்று. நேரம் முடிந்ததும் சிவப்பு அட்டை காட்டுவது பயிற்சி மாணவியின் வேலை.

கார்பின் மைக்கைப் பிடித்தான். "தூசி அளக்குற மெஷின்னு ஒண்ணு எங்க இடுப்புல மாட்டுவாங்க…"

"உக்காருடா செவிட்டுப் பயலே!" பின்வரிசையிலிருந்து கத்தினான் அவன் சுரங்கத்து ஃபோர்மேன் டுவேன் ஹேகர்.

"சுரங்கத்தை மூடிட்டா உன் தங்கச்சியா சோறு போடுவா?" என்றான் அவனுடைய ஆள் ஒருவன்.

காலணிகளால் பலகைத் தரையை உதைத்தார்கள். கார்பின் வாயைத் திறக்கும்போதெல்லாம் உதை. கூச்சலே அவன் நேரத்தை விழுங்கிவிட்டது.

"டாவியா, அட்டையைக் காட்டு," என்றாள் மேலதிகாரி ப்ரெண்டா.

"அவன் இன்னும் விஷயத்துக்கே வரலை, ப்ரெண்டா."

"எல்லாருக்கும் ஒரே சட்டம். அண்ணனுக்குச் சலுகை காட்டினேன்னு கிளப்பினா, மொத்த விசாரணையும் செல்லாமப் போயிடும். காட்டு."

காட்டினாள். கார்பின் அந்தச் சிவப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பாத்தியா, தங்கச்சியே போதும்னுட்டா!" ஹேகர் சிரித்துக்கொண்டே வந்து மைக்கைப் பறித்தான். கார்பின் விடவில்லை. முதல் குத்தில் மூக்கு உடைந்த சத்தம் மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. கீழே விழுந்தவனின் விலாவில் காலணிகள் இறங்கின.

டாவியா மேசையைத் தாண்டிக் குதித்து ஹேகரின் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் இரும்புச் சுவை. முழங்கை ஒன்று அவள் கன்னத்தைப் பிளந்தது. கடித்ததை விடவில்லை. ஷெரிஃபின் காவலர்கள் ஓடிவந்து ஹேகரைச் சுவரோடு சாத்தினார்கள்.

அவள் அடையாள அட்டையைக் கழற்றி ப்ரெண்டாவின் முன்னால் வீசினாள். அது பிறகு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. தரையில் கிடந்த மைக்கை எடுத்தாள்.

"என் பேரு டாவியா ராட்லிஃப். இந்த மாவட்டத்துக்காரி. எனக்கும் அஞ்சு நிமிஷம் உண்டு. அதை எங்கண்ணனுக்குக் குடுக்கறேன்."

"நீ அரசாங்கத்து ஆள். பேசக் கூடாது!" என்றாள் ப்ரெண்டா.

"இப்ப இல்ல."

அண்ணனின் தலையை மடியில் ஏந்தி மைக்கை அவன் வாயருகே பிடித்தாள்.

"பைத்தியக்காரி, உன் வேலை போச்சுடி," என்றான் கார்பின்.

"போவட்டும். நீ பேசித் தொலை."

ரத்தத்தை விழுங்கிவிட்டுப் பேசினான். "தூசி கம்மியாக் காட்டணும்னு மெஷினைச் சாப்பாட்டு டப்பாக்குள்ள வச்சு மூடச் சொல்லுவான். இல்லன்னா சுத்தமான காத்து வர்ற வாசல்ல தொங்கவிடச் சொல்லுவான். மாட்டேன்னா வேலை இல்ல. எங்கப்பாவுக்கும் இதேதான் நடந்துச்சு."

சுருக்கெழுத்துக்காரம்மா விசைகளில் தெறித்திருந்த ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லுவான்னா யாரு? பேரை எழுத்து எழுத்தாச் சொல்லுங்க."

"உன்னைக் கொன்னுடுவேன்டா!" என்று திமிறினான் ஹேகர்.

கார்பின் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.