கஞ்சித் தோணிக்கு நான் பிணை

விலை சொல்லி விற்க வருகிறவனோடு ஊர் உட்கார்ந்து பேரம் பேசும். சும்மா கொடுக்க வருகிறவனைத்தான் ஏற இறங்கப் பார்க்கும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கோயில் சார்பாக அடுத்த தெருவுக்கு நல்லது செய்யப் போய், சாத்திய கதவில் மூக்கு இடிபட்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே ஜாதி.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே இருந்த கோயிலில் நான் உபதேசியார். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது, பாதிரியார் தமிழில் சொல்வதைத் தமிழர்களுக்குப் புரிகிற தமிழில் திருப்பிச் சொல்வது ஆகியவை என் வேலை. பாதிரியார் தங்கமான மனிதர். தமிழை ஏட்டில் படித்தவர். அதனால் அவரோடு என்னால் மணிக்கணக்காக இலக்கணம் பேச முடிந்தது. மற்றவர்களால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

அந்த வருஷம் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டது. கடல்தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை. அதோடு வரவேண்டிய எறாவும் (இறாலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மீனும் வரவில்லை. கடலிலோ ஓயாத அலை, கட்டுமரம் இறக்க வழியில்லை. மழையும் ஏமாற்றியதால் உள்நாட்டில் நெல்லும் இல்லை. ஏரிக்கு அக்கரையில், கடலைப் பார்த்த மணல்திட்டில் நடுக்குப்பம் இருந்தது. அங்கே பிள்ளைகளின் கை கால் மெலிந்து முட்டிகள் மட்டும் துருத்திக்கொண்டு தெரிய ஆரம்பித்தன. கோயில் முற்றத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவோம் என்றார் பாதிரியார். கஞ்சி கொதித்தது. ஒருவரும் வரவில்லை.

சும்மா

ஏன் வரவில்லை என்று கேட்க நானே தோணி ஏறி நடுக்குப்பம் போனேன். கரையில் முனியம்மா இருந்தாள். மீன் விற்கிறவள், புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், செங்கேணி என்று ஒரே பெண் குழந்தை. குப்பத்தின் பஞ்சாயத்துக்குத் தலைவர் நாட்டார் என்றாலும், முனியம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டுதான் நாட்டார் தீர்ப்புச் சொல்வார்.

காரணத்தை மறைக்காமல் சொன்னாள். போன பஞ்சத்தில் சில தரகர்கள் இப்படித்தான் அரிசியைக் காட்டி ஆட்களைக் கூப்பிட்டார்கள். பின்னால் போனவர்கள் அடிமைகளாகக் கப்பல் ஏறினார்கள். எந்தத் தேசம் போனார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் விடவில்லை. கோயில் வேறு, துறைமுகம் வேறு என்று வகைபிரித்து விளக்கினேன். தருமத்துக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்காட்டோடு சொன்னேன். கஞ்சி முழுக்க முழுக்க இலவசம் என்று அழுத்திச் சொன்னபோது அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நாங்களும் தூண்டில்ல எறாவைக் குத்திச் சும்மாதான் போடறோம், உபதேசியாரே. மீனுகிட்ட வெலையா கேக்கறோம்?"

சேர்வது எப்படி

அடுத்த சந்தேகம் நாட்டாருடையது. கஞ்சியில் ஞானஸ்நானத் தண்ணீர் கலந்திருக்கும், குடித்தவன் தனக்கே தெரியாமல் கோயிலில் சேர்ந்துவிடுவான், பிறகு எல்லையம்மன் திருவிழாவில் அவனுக்கு இடமிருக்காது என்று பேச்சு. இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒருவர் தப்பாகச் சொல்வதைவிட இனிமையானது எதுவும் இல்லை.

அப்படி யாரும் தெரியாமல் சேர முடியாது என்று ஆரம்பித்தேன். முதலில் மனப்பாடம். பிறகு கேள்வி. பதில் தவறினால் மறுபடி மனப்பாடம். அதற்குமேல் நடத்தை விசாரணை. பலபேர் விரும்பிக் கேட்டும் பாதிரியார் அவர்களை வருஷக்கணக்காகக் காக்கவைத்திருக்கிறார் என்று பெருமையாக முடித்தேன். நாட்டார் தாடையைத் தடவிக்கொண்டார்.

"சேர வரவனுக்கு இவ்ளோ கெடுபிடி, சாப்ட வரவனுக்கு ஒரு கேள்வியும் இல்லன்னா, எங்கியோ இடிக்குதே."

நாய்க்காகச் சாத்திய கதவு

குப்பம் வராவிட்டாலும், மாட்டை விற்றுத் தின்று தீர்த்த சில விவசாயக் குடும்பங்கள் சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து பயந்து பயந்து வந்தன. முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உப்புக்கு இலையும் கஞ்சிக்குத் தொன்னையும் போட்டோம். பாதிரியார் தம் கையாலேயே உப்பு வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போது கோயில் காவல்காரர் தாவீது வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சத்தம் கேட்டதுதான் தாமதம், மொத்தப் பந்தியும் எழுந்தது. ஆண்கள் மதில் ஏறினார்கள். பெண்கள் பிள்ளைகளை மதிலுக்கு மேலே தூக்கிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஏறினார்கள். முற்றத்தில் இலைகளும் பாதிரியாரும் மட்டும் மிச்சம். அவர் கையிலிருந்த உப்பைப் பார்த்தார், கஞ்சியைப் பார்த்தார், அப்புறம் தாவீதைப் பார்த்தார். தாவீது தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"நாய் உள்ள வரக்கூடாதுன்னு சாத்துனேன் ஐயா. ஆளு வெளிய போகக்கூடாதுன்னு சாத்துனதா நெனச்சிட்டாங்க."

பிணை

மறுநாளே கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தோம். அது குப்பத்துக்கு எட்டியது. கழற்றிய கதவைப் பற்றி யோசித்த முனியம்மா, நாட்டார் முன்னிலையில் என்னிடம் ஓர் ஏற்பாடு சொன்னாள். குப்பத்துப் பிள்ளைகள் தோணியில் வந்து கஞ்சி குடிப்பார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை கோயில் ஆள் ஒருவர் குப்பத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வந்தால் ஆள் போகலாம். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பாதிரியாரையே உட்காரவைத்தால் என்ன என்றார் நாட்டார். எனக்கும் அது சிறந்த யோசனையாகத்தான் பட்டது. முனியம்மா மறுத்துவிட்டாள்.

"வெள்ளைக்காரனைப் புட்ச்சி வச்சிக்கினா கோட்டைலருந்து பீரங்கி வரும். இவரை வச்சிக்கினா இவரு பொண்டாட்டிதான் வருவா."

வாயில்லாப் பிணை

கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்றின் நிழல் எனக்கு ஒதுக்கப்பட்டது. முதல் நாள் உட்கார்ந்ததும், கிடைத்த நேரத்தை வீணாக்க வேண்டாமென்று ஒரு சின்னப் பிரசங்கத்தைத் துவக்கினேன். நாட்டார் கையை உயர்த்தினார். பிணையாக வைத்த பொருள் பேசி யாரும் பார்த்ததில்லை. பிணை பேசக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. என்னைப் போன்ற ஆளுக்கு இது என்ன தண்டனை என்று, வாயால் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வலையின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பேசாததால் அவர்கள் பேசினார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் கிழவருக்குக் கண் மறைக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் என் காதில் விழுந்தது. பல வருஷம் வீடு வீடாகப் போய்க் கேட்டும் எனக்குச் சொல்லாத சங்கதிகள். ஒரு தடவை கண் மறைக்கிற கிழவருக்காகக் கோட்டை வைத்தியரிடம் மருந்து வாங்கி வந்து, வாய் திறக்காமல் அவர் பக்கத்தில் வைத்தேன். அன்று முனியம்மா பக்கத்துவீட்டுக்காரியிடம், நான் ஏதோ மரம் என்பதுபோல எனக்கு முன்னாலேயே சொன்னாள்:

"பேசாம கீறப்போ நல்ல மனுசனாத்தான் கீறாரு."

மேலைக்காற்று

ஒரு நாள் காலையில் செங்கேணியும் மற்ற பிள்ளைகளும் தோணி ஏறிப் போனபின் மேற்கிலிருந்து காற்று எழுந்தது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. தோணி வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து, கடல் பக்கம் ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டிருந்தது. குப்பத்தார் அவரவர் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். என் கையிலிருந்த வலைமுனையை ஒருவன் வாங்கிக்கொண்டான்.

இங்கே நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதிரியாரை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று யோசித்தேன். அவருக்குத் தெரியாமல் வேறு யாராவது அந்தக் கதவில்லாத முற்றத்துக்குள் வந்திருந்தால்? கஞ்சிக்கு வா என்று பிள்ளைகளைக் கூப்பிட்டது என் வாய்தான். கப்பலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்த் தேடிவிட்டு வருகிறேன் என்று, பிணை என்பதையும் மறந்து, முனியம்மாவிடம் கெஞ்சினேன்.

நாட்டார் கயிறு கொண்டுவரச் சொன்னார். முனியம்மா எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை போயிருக்கிறது. இருந்தும் அவள் அவசரப்படவில்லை. பிறகு எழுந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு தேடிப் போக ஒரு தோணியைத் தள்ளச் சொன்னாள். கயிற்றோடு நின்றவனிடம் சொன்னாள்:

"கட்ட வேணாம். இவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் மூஞ்சி இப்டி வெளுக்காது."

சேறு

தள்ளிய தோணி வெகுதூரம் போகவில்லை. மேலைக்காற்று ஏரித் தண்ணீரையெல்லாம் குப்பத்துக் கரைக்கு ஒதுக்கிவிட்டிருந்தது. அடைபட்ட ஏரியில் ஏற்கெனவே தண்ணீர் கொஞ்சம். நடு ஏரியில் தண்ணீர் வடிந்து வெறும் சேறு. அந்தச் சேற்றில் சின்னச்சின்னதாகச் சில உருவங்களும், நடுவே கறுப்பாக ஒரு பெரிய உருவமும் மெள்ள மெள்ள எங்களைப் பார்த்து வந்தன.

கிட்டே வந்தபின் விஷயம் தெரிந்தது. திரும்பும் வழியில் தோணி தரைதட்டியதும் தோணிக்காரர் ஆள் கூட்டிவர நடந்தே கோயிலுக்குப் போயிருக்கிறார். கேட்ட பாதிரியார் பதறி, நீள அங்கியோடும் காலில் மாட்டிய சப்பாத்தோடும் சேற்றில் இறங்கி முன்னால் ஓடிவந்திருக்கிறார். ஏரிச்சேற்றில் எங்கே காலை வைக்கலாம் என்பது குப்பத்துக் குழந்தைக்குத் தெரியும். ஏட்டில் படித்தவருக்குத் தெரியாது. பிள்ளைகளை எட்டுவதற்குள் இடுப்புவரை இறங்கிவிட்டார். இப்போது ஒரு சப்பாத்து இல்லை, தலையிலிருந்த பொய்முடி ஒரு பையன் தலையில் இருந்தது. கரை ஏறியதும் முனியம்மா செங்கேணியின் கை காலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். செங்கேணி அழாமல் பதில் சொன்னாள்:

"நாங்க அப்பவே வந்துட்டிருப்போம்மா. பாதிரி பொதைஞ்சிட்டாரு. உட்டுட்டு வரக்கூடாதுன்னு இஸ்துகினு வந்தோம்."

அடுத்த நாள்

இதற்குப் பிறகு சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிற வாசகர் எங்கள் தொழிலுக்குப் புதியவர். மறுநாள் காலை நான் குப்பத்துக்குப் போய், இனிமேல் பிணை வேண்டியிருக்காது அல்லவா என்று புன்னகையோடு கேட்டேன். அதே தோணி நிழலைக் காட்டினார் நாட்டார். ஒரே வித்தியாசம், இந்தமுறை உட்கார ஒரு பாய் விரித்திருந்தார்கள்.

"நேத்து வந்துட்டாங்க, சரி. இன்னிக்கும் வருவாங்கன்னு எப்டித் தெரியும்?"

எழுத்து

கடைசியில் ஊர் முழுக்கக் கூடி மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தார்கள். கடல் உள்ளே வந்தது, எறா வந்தது, கஞ்சிக்கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்தோம். பாதிரியாருக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்தாவது சொல்லிக்கொடுப்போம் என்று என்னை அனுப்பினார். வழக்கம்போல நான் வந்து உட்கார்கிறேன் என்று முனியம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. கஞ்சி வயிற்றோடு போய்விடும், எழுத்து உள்ளேயே தங்கிவிடும். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாலும் பழைய பிள்ளையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டீர்கள் என்றாள். இதற்கு மறுப்பு ஏதாவது இருக்கிறதா என்று நான் படித்ததையெல்லாம் தேடிப் பார்த்தேன். அப்போது அவள் விலையைச் சொன்னாள்.

"எழுத்துக்கு நீ பத்தாது. உன் பொண்ணை அனுப்பு. எம்பொண்ணு அங்க கத்துக்கிற வரிக்கும் அது இங்க கத்துக்கட்டும்."

என் வீட்டில்

வீட்டுக்கு வந்து சொன்னேன். என்னைப் பிணையாக அனுப்பியபோது மத்தியானச் சாப்பாடு அங்கேயா என்று மட்டும் கேட்ட என் மனைவி, இப்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். எங்களுக்கு எஸ்தர் ஒருத்திதான் பெண். அன்று சாயங்காலம் முழுக்க நானும் மனைவியும், முனியம்மா கோயிலைப் பற்றிக் கேட்ட அத்தனை கேள்விகளையும் குப்பத்தைப் பற்றிக் கேட்டோம். நம்பலாமா? அவர்களுக்கு இதில் என்ன லாபம்? திருப்பி அனுப்பாவிட்டால் யாரைக் கேட்பது? காலையில் என் மனைவி எஸ்தருக்குத் தலைவாரிவிட்டு, தானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தோணித்துறைக்குக் கிளம்பினாள். நீ எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பளை உங்க முகத்தைப் பார்த்து முடிவு பண்ணினாள் இல்லையா? நானும் அவ முகத்தைப் பார்த்துட்டு வரேன்."

பார்த்தாள், எஸ்தரை விட்டுவிட்டு வந்தாள். அந்த வருஷம் நடுக்குப்பத்திலிருந்து ஓர் ஆத்துமாகூடச் சபையில் சேரவில்லை என்று பாதிரியார் வருத்தத்தோடு மேலிடத்துக்கு எழுதினார். என் வீட்டிலிருந்து எஸ்தர் ஒருத்தி குப்பத்தில் சேர்ந்து, காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு இன்றைக்கு எறா வரும், வராது என்று சொல்ல ஆரம்பித்திருந்தது அவர் கணக்கில் வரவில்லை.