கரடியாரின் பங்கு

மல்லாவிச் சந்தையில் இன்று ஒரு சின்னத் தகரச் சுண்டு நிறையப் பாலைப்பழம் வாங்கி, அதன் வாசனையில் ஆசை அடங்காமல் பஸ்ஸிலேயே தின்னத் தொடங்கினேன். பழத்தின் பால் பட்டு உதடுகள் ஒட்டிக்கொண்டதும், முல்லைத்தீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாலைக்காட்டுக்குப் போய்விட்டேன்.

பழக்காலத்தில் காலையிலேயே உம்மாவோடு கிளம்பிவிடுவோம். மேலே குருவிகள் சண்டை பிடிக்க, மழை தொடங்குவதுபோல் பொட்டுப் பொட்டென்று சருகில் பழங்கள் விழுந்துகொண்டிருக்கும். ஓடிப்போய்ப் பொறுக்கக் கை துடிக்கும். ஆனால் உம்மா எங்களைக் காட்டோரத்தில் நிறுத்திவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அயல்வீட்டுப் பெரியவரிடம் கதைப்பதுபோல் உரத்துச் சொல்லுவார்:

“கரடியார், பிள்ளையளோட பழம் பொறுக்க வந்திருக்கிறன். கொஞ்சம் அங்கால போங்கோ. உங்கட பங்கை விட்டிட்டுத்தான் போவம்.”

உள்ளே எங்கோ சருகு நொறுங்கும்; பிறகு அடங்கும். அவ்வளவு பெரிய மிருகம் உம்மாவின் சொல்லுக்கு எழுந்து போகிறதே என்று எனக்குப் புல்லரிக்கும். சொன்னபடியே, கடைசி மரத்தடியில் ஒரு பழத்தைக்கூட உம்மா எங்களைத் தொடவிட்டதில்லை.

பிறகொருநாள் துவக்கோடு வந்த இயக்கக்காரர், முஸ்லிம்களென்று எங்களையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். இப்படி மரியாதையாகச் சொல்லவில்லை. எங்கள் பங்கென்று ஒன்றையும் விட்டுவைக்கவுமில்லை. பல வருடம் கழித்துத் திரும்பியபோது, வீடும் காடும் இருந்த இடம் ஒரே வெட்டவெளி.

பஸ் காட்டோரமாக ஓடியபோது மிச்சப் பழங்களை யன்னலால் எறிந்தேன்.

“பழுதோ?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“இல்லை,” என்றேன். “அது கரடியாற்ற பங்கு.”