பின்சீட்டில் ஆறு கிலோமீட்டர்

அன்றைக்கு அங்கே இருந்தது நாலே பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிற கடைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதக் கடைசி. கும்பகோணத்தைத் தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் இருக்கிற கடை அது. சம்பா அறுப்பு நேரம் என்பதால் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள்.

எங்களுக்குப் பாபநாசம். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற ஆள். கேஸை அணைத்தோமா என்று படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். வந்து படுத்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு தடவை போவேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்காக ஒரு நாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

மகளை வேதாரண்யத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் போனவள். அங்கே மாமியார் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு அவளால் நகர முடியவில்லை. பேத்தி தவழ்ந்தது, எழுந்து நின்றது, நடந்தது எல்லாவற்றையும் என் மனைவி செல்போனில்தான் பார்த்தாள். ஏனென்றால் அவளுக்குப் பஸ் ஆகாது. பத்து கிலோமீட்டர் போவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவாள். காரிலும் அதே கதைதான். மகள் கல்யாணத்துக்குப் போய் இறங்கியபோது நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம், குளுக்கோஸ் ஏற்ற. ரயில் ஒத்துக்கொள்ளும், ஆனால் எங்கள் ஊரிலிருந்து அங்கே போக மாறி மாறி ஏற வேண்டும், நேரமும் பொருந்தி வராது. மேலே காற்றுப் படுகிற மாதிரி மோட்டார் சைக்கிளில் போனால் மட்டும் அவளுக்கு ஒன்றும் செய்யாது.

என்னிடம் இருந்தது ஒரு சின்ன வண்டி. அதில் ஒரு தடவை கிளம்பிப் பார்த்தோம். வலங்கைமான் தாண்டி நீடாமங்கலம் வரை போனோம். அங்கே டீ குடிக்க இறங்கியபோது, கேஸை அணைக்காமல் வந்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது, திரும்பிவிடலாம் என்றாள். மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அணைத்துத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நெடுந்தூரம் போகிற மாதிரி பெரிய வண்டி ஒன்று பழையதில் வாங்குவது என்று முடிவு செய்தேன். நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், முதுகு வலிக்கக் கூடாது. அதுதான் எனக்குக் கணக்கு. மூன்று மாதம் செல்போனில் வீடியோ பார்த்தேன். ஊர் ஊராக வண்டியில் சுற்றுகிறவர்கள் பேசுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். சீட்டு எவ்வளவு உயரம், ஹேண்டில் எவ்வளவு கிட்டத்தில் வருகிறது, எந்த வேகத்தில் கை மரத்துப்போகிறது, எந்த வண்டியில் குண்டும் குழியும் தெரியாது என்று. என் கடைக்கு வருகிற விவசாயிகளிடமும் கேட்டேன். மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிற அவசரத்தில் நிற்கிற மனிதரிடம் முதுகுவலியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? ஒருவர், முதல்ல காயில கட்டுப்பா என்றார்.

அப்படி நோட்டோடுதான் அன்றைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று வண்டிகளை வெளியே எடுத்து வைத்தார்.

முதல் வண்டி கறுப்பு. தாழ்ந்த உடம்பு, காலை முன்னால் நீட்டி வைத்து ஓட்டுகிற மாதிரி. முன்சீட்டில் உட்கார்ந்தால் சோபாவில் சாய்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவது நல்ல உயரம். முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் துணிமணி வைக்க இரும்புப் பெட்டி. பள்ளத்தில் இறக்கினால் படகு மாதிரி அசைந்து ஏறிவிடும். மூன்றாவது சாம்பல் நிறம். பழைய மாதிரி. நீளமான தட்டைச் சீட்டு, தொட்டால் பலகை மாதிரி இருந்தது. தடதடவென்று சத்தம், அறுபதுக்கு மேல் போனால் ஹேண்டில் நடுங்கியது.

ஒவ்வொன்றிலும் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் பாபநாசம் பக்கமாக மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். புடவை கட்டியவள், எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் உட்கார்வதுபோல ஒருபக்கமாகத்தான் உட்கார்வாள். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்பேன். நல்லாத்தான் இருந்தது என்பாள். மூன்று வண்டிக்கும் அதே பதில். நோட்டில் என் பக்கம் நிறைய எழுதியிருந்தேன். அவள் பக்கத்தில் அந்த ஒரே வார்த்தையை மூன்று தடவை எழுதினேன்.

நான் இரண்டாவது வண்டிதான் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அம்மா மனசுவிட்டுச் சொல்ல மாட்டேங்குறாங்களே என்று என் மச்சினனைப் பார்த்தார்.

மச்சினன் நெல் லாரி ஓட்டுகிறவன். அதுவரை கடை வாசலில் நின்று பல்லிடுக்கில் வைக்கோலைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்காவுக்கு ஊசி போட்டுட்டுக் கேட்டாக்கூட நல்லாத்தான் இருக்குன்னுதான் சொல்லும்” என்றான். பிறகு என்னிடம் வந்து, “மாமா, அந்த ரெண்டாவது வண்டி சாவியைக் குடுங்க. நீங்க பின்னாடி ஏறுங்க” என்றான்.

எதற்கு என்றேன். ஏறுங்க என்றான். நான் காலைத் தூக்கிப் போட்டு உட்காரப் போனேன். அப்படி இல்லை, அக்கா உட்கார்கிற மாதிரி ஒருபக்கமாக என்றான். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மச்சினன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஏறினேன்.

ஏறுவதே பெரும்பாடு. அவ்வளவு உயரம். இடது பக்கம் காலைத் தொங்கவிடலாம் என்றால் அங்கே இரும்புப் பெட்டி. முட்டியை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. குதிகாலை எங்கேயோ ஒரு கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வலது கையால் அவன் தோளைப் பிடித்தேன். வண்டி கிளம்பியது.

முதலில் தெரிந்தது, எனக்கு ரோடு தெரியவில்லை என்பதுதான். வயல் தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது, அறுப்பு மிஷின் தெரிந்தது. முன்னால் என்ன வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. திடீரென்று பிரேக். நான் அவன் முதுகில் போய் மோதினேன். நிமிர்வதற்குள் வண்டி வேகமெடுத்தது, பின்னால் சரிந்தேன். மறுபடி பிரேக். எதிரே ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒரு சின்னப் பிரேக். ஒரு பள்ளம் வந்தது. அது பள்ளம் என்பது இடுப்பில் இடி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நெல் காய்கிற இடத்தில் வண்டி சட்டென்று வலது பக்கம் ஒடித்தது. விழுந்தேன் என்றே நினைத்துவிட்டேன். இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று கிலோமீட்டர் முடிந்து வண்டியைத் திருப்புவதற்காக நிறுத்தினான். லாரி ஓட்டுகிறவன் இப்படியா ஓட்டுவான், பள்ளம் வந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று சத்தம் போட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “நான் இப்படி ஓட்ட மாட்டேன் மாமா. நீங்கதான் இப்படி ஓட்டுவீங்க. உங்க பின்னாடி எத்தனை தடவை வந்திருக்கேன்.” பிறகு, “பள்ளம் வருதுன்னு நீங்க என்னிக்காவது அக்காகிட்ட சொல்லியிருக்கீங்களா?” என்றான்.

அவன் சொன்னது சரி. நூறு அடிக்கு அப்பால் ஒரு நாய் நின்றாலும் என் கால் பிரேக்குக்குப் போய்விடும். பஸ் ஹாரன் கேட்டால் போய்விடும். ஒன்றும் இல்லாதபோது, ஏன் ஒன்றும் இல்லை என்று பயந்தும் போய்விடும். ஜாக்கிரதையாக ஓட்டுகிறவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் மூன்று கிலோமீட்டரும் அவன் அதேபோலத்தான் ஓட்டினான். நானும் போதும் என்று சொல்லவில்லை.

கடை வாசலில் இறங்கியபோது இடது கால் தரையில் பதியவே இல்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி ஓடி வந்தாள்.

“வலிக்குதாங்க?”

“இல்ல, நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும். என்னையே பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று மச்சினனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடை நிழலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். அவளாகவே சொன்னாள்.

“அன்னிக்கு நீடாமங்கலத்துல இறங்கினப்ப இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. மரத்துப்போச்சு. அதைச் சொன்னா நீங்க பத்து நாளைக்குத் தூங்க மாட்டீங்க. கேஸுன்னு சொன்னா உடனே திரும்பிடுவீங்கன்னு தெரியும்.”

என் கவலையையே எனக்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறாள். நீடாமங்கலத்திலிருந்து வீடு வரைக்கும், நான் முன்சீட்டில் கேஸைப் பற்றிப் பயந்துகொண்டே பிரேக்கை மிதித்து மிதித்து வந்திருக்கிறேன். அவள் மரத்த இடுப்போடு, பேத்தியைப் பார்க்காமல், பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறாள்.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

“பிரேக் புடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கெட்டியா புடிச்சுக்குவேன். அது போதும்” என்றாள்.

டீ வந்தது. கடைக்காரர் மூன்று வண்டியையும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அம்மாவே ஏறி உட்காரட்டும், அவசரமே இல்லை என்றார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் எல்லாச் சீட்டும் மெத்தைதான், ஒரு மணி நேரம் கழித்துத்தான் அதன் குணம் தெரியும் என்றும் சொன்னார். கறுப்பு வண்டியின் பின்சீட்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது, அதுவும் பின்பக்கமாகச் சரிந்திருந்தது. நான் முன்னால் சோபாவில் சாய்ந்திருந்தபோது அவள் அதில்தான் தொற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டாவதன் பின்சீட்டைப் பற்றி, உட்கார்ந்து வந்தவன் நானே சொல்வேன். நான் கடைசி இடம் கொடுத்திருந்த சாம்பல் வண்டியில்தான் அவள் டீயைக் குடித்து முடித்து, இன்னொரு டீயும் குடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். சீட்டு கெட்டிதான், ஆனால் அமுங்கவில்லை. அகலமாக இருந்தது. நாங்கள் கேட்காமலே சொன்னாள், இதில் உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று.

அதையே எடுத்தோம். இரண்டு பாதமும் முழுதாகப் பதிகிற மாதிரி இடது பக்கம் அகலமான மிதிபலகை ஒன்றைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார். இரண்டு பேர் பாரத்தில் அடியில் இடிக்காமல் இருக்கப் பின்பக்க ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் இறுக்கியும் வைத்தார். பெரிய வண்டி வாங்க வருகிறவர்கள் யாரும் பின்சீட்டைப் பார்ப்பதே இல்லை என்று அவர் சொன்னது மச்சினனிடம், என்னிடம் இல்லை.

மாசி மாதம் ஒரு நாள் விடிந்ததும் கிளம்பினோம். இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்துவது என்று பேச்சு. நான் வாயை மூடவே இல்லை. மேடு வருது, பள்ளம் வருது, நெல்லு காயுது சுத்திப் போறேன், பஸ் முந்துது, ஆடு நிக்குது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் என் தோளில் அவள் விரல்கள் இறுகும், தாண்டியதும் தளரும். மன்னார்குடி நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“எல்லாத்தையும் சொல்ல வேணாங்க. பிரேக்கை மட்டும் சொல்லுங்க. ஆட்டை நானே பாத்துக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். சொல்லிச் சொல்லி ஓட்டியதில், சொல்ல வேண்டிய அளவுக்கு இல்லாத இடங்களில் என் கால் பிரேக்குக்குப் போவதே குறைந்திருந்தது. ஒரு பயத்தை வாயால் சொல்லிப் பார்த்தால் அதில் பாதி, சொல்லவே லாயக்கில்லாததாக இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் உப்புக் காற்று அடிக்க ஆரம்பித்தது. மகள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது வெயில் உச்சிக்கு வரவில்லை. என் மனைவி தன் காலால் இறங்கி, தன் காலால் நின்றாள். ஹெல்மெட்டோடு அவளைப் பார்த்த பேத்தி வீறிட்டு அழுது கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அவசரமாகக் கழற்றினாள். கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. என் மனைவி மண்ணில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள், கூப்பிடவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அந்தக் குழந்தை தத்தித் தத்தி வந்து அவள் மடியில் கையை ஊன்றி நின்றது. செல்போனில் அவள் பார்த்த அதே நடைதான். நான் வண்டியைத் துடைக்கிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டிகளை ஒப்பிட்டு எழுதிய அந்த நோட்டை யாராவது கேட்டால் இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் யாரைப் பின்னால் வைத்து ஓட்டப் போகிறீர்கள், முதலில் அங்கே நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். என் கவலை இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. இருபத்துநாலு வருஷம் அதை நான் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுமந்தது பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய இடுப்பு என்று தெரிந்த பிறகு, எதற்குப் பயந்தாலும் முதலில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.