மூன்றாவது ரிங்

அக்டோபர் பிறந்தால் போனில் பூசணிக்காய் வந்துவிடும். படம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால், கண்ணும் பல்லும் செதுக்கிய பூசணி ஒன்று இளித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே வரிசையாகப் பேய்ப் படம், மாயாஜாலப் படம், வேற்றுக்கிரகப் படம். முதல் வருஷம் அதைத் திருஷ்டிப் பூசணி என்றே நினைத்தேன். கலசப்பாக்கத்தில் வாக்கப்பட்டிருக்கும் என் தங்கைதான் அது ஹாலோவீன் என்றாள். வெள்ளைக்காரர்கள் பேய்க்கென்று ஒரு நாளை ஒதுக்கிக் கொண்டாடுவார்களாம். நல்ல சமயமாகத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள். சாமை அறுப்பு முடிந்து மழை பிடித்ததும் இங்கே மலைமேல் எங்கள் ஊரில் எனக்கும் கொஞ்சம் கை ஓயும்.

அந்த மாதம் ஞாயிறு மதியம் தோறும் நானும் தங்கையும் சேர்ந்து படம் பார்ப்போம். அவள் மலைக்குக் கீழே தன் வீட்டு டிவியில், நான் மேலே எங்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தத் தொட்டி மேடுதான். படம் என் வீட்டுக்காரர் போனில், தங்கை என் போனில். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் படத்தைப் போடுவோம். தூறினால் குடை பிடித்துக்கொள்வேன்.

அவளுக்கு டிராகனும் விண்கலமும் பிடிக்கும். எனக்குப் பேய் போதும். அதிலும் டப்பிங் பேய் மேல் தனி ஆசை. ஆளைக் கிணற்றுக்குள் இழுக்கும்போதும் அது சுத்தமான தமிழில்தான் பேசும். இந்தப் படங்களில் ஒரு பெண் தனியாக இருப்பாள். இருட்டுக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். உடனே "இதோ வந்துட்டேன்" என்று ஓடுவாள். நாங்கள் இருவரும் தலையில் அடித்துக்கொள்வோம். அவளை எங்கள் அம்மா வளர்க்கவில்லை, வேறென்ன சொல்ல.

பொழுது சாய்ந்தபின் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடத் தெரியாதாம். அதையே நாங்கள் போனுக்கும் வைத்துக்கொண்டோம். தங்கை இரண்டு முறை அடித்துக் கட் பண்ணிவிடுவாள். மூன்றாவது ரிங்கில்தான் நான் எடுப்பேன். எடுத்ததும், "பேய் இல்லக்கா, நான்தான்" என்பாள். விளையாட்டாகத் தொடங்கி, மாற்ற முடியாத பழக்கமாகிவிட்டது.

போன வருஷம் இதெல்லாம் என் வாயால் கெட்டது. படம் பாதி ஓடியிருந்தது. தங்கை சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய மாமியார் சமையல்கட்டில் இருக்கிறாராம், அவருக்கு இந்தப் படமெல்லாம் ஆகாதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேய்க்குப் பயப்பட மாட்ட, மாமியாருக்குத்தாண்டி பயம். படத்துல வர்ற பேய விட உன் வூட்டுப் பேய் பெருசு போல" என்றேன். அவள் போன் ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு போய்விட்டது. அன்று மாலை அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: அத்தை கேட்டுவிட்டார்கள், இனிமேல் கூப்பிடாதே.

அதற்குப் பிறகு தீபாவளிக்கு மெசேஜில் இரண்டு வார்த்தை, பொங்கலுக்கு இரண்டு வார்த்தை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரையே பேசும் வாய் இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது. இருக்கிற ஒரே தங்கையை ஒரு கேலிப் பேச்சுக்குத் தொலைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

இந்த வருஷமும் பூசணி வந்தது. தனியாக ஒரு படம் போட்டுப் பார்த்தேன். பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் தொட்டி மேட்டில் போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர். அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நானாகக் கூப்பிடவும் பயம். கூப்பிடாதே என்று சொன்னவள் அவள். இருட்டும்வரை போனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நேரில் போய்த் தொலைத்தால் என்ன என்று கேட்டார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்தேன். அதை விட்டால் மதியம்தான். கால் படி சாமை அரிசியும் ஒரு உருண்டைப் புளியும் பையில் இருந்தன. கதவைத் திறந்தது தங்கையின் மாமியார். தங்கை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவ அடிச்சேன், நீ எடுக்கல. கோவம் இன்னும் போகலன்னு வுட்டுட்டேன்" என்றார்.

தங்கை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் போனிலிருந்து அவர்தான் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கே தெரியாது. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அவள் டிவி போடுவதே இல்லையாம். அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து துணி மடிக்கிறாளாம். பார்க்கப் பொறுக்கவில்லை என்றார். நான் சொன்ன வார்த்தையைப் பற்றி அவராக எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன், தப்பு என்னுடையது என்று. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில், ஏன் போனை எடுக்கவில்லை என்று அம்மாவின் சட்டத்தையும் சொன்னேன்.

தங்கை பையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் அவளைப் பார்த்து, டிவியைப் போடச் சொன்னார். அன்று திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. மூன்று பேரும் பேய்ப் படம் பார்த்தோம். பயமான இடங்களில் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அதன் வழியாகவே பார்த்தார். தங்கை என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன் என்றாள் தங்கை. மாமியார் தெருமுனைவரை கூட வந்தார். பஸ் வரும் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பேய் இல்லம்மா. மொத தடவையே எடு."