குய்ஃபென் விழுங்கிய இரண்டு மாத்திரைகள்

என் வாய் சும்மா கிடந்திருக்கலாம். சீனாவின் வடக்கே ஷென்யாங்கில், பழைய ஆலைக் குடியிருப்பில், குய்ஃபெனுக்கு எதிர்வீடு நான். முப்பது வருஷப் பழக்கம். அவள் மகன் லெய்மிங் தூரத்து ஊரான ஷென்ஜெனிலிருந்து போனில் அம்மாவை விசாரித்தபோது நான்தான் உளறினேன்.

"ஆஸ்பத்திரியில இப்ப வெளிநாட்டு சர்க்கரை மாத்திரை குடுக்குறதில்லப்பா. உள்ளூர் மாத்திரைதான். முட்டாய்கூட அதவிட வெலை ஜாஸ்தி."

அந்த மாத்திரைக்கு ஒரு குறையும் இல்லை. அதை விழுங்கித்தான் மூன்று மாதமாக அவள் சர்க்கரை அடங்கியிருந்தது. பெற்ற பிள்ளைக்கு மனசு கேட்குமா? பத்தே நாளில் வெளிநாட்டு மாத்திரை ஆறு பெட்டி வந்து இறங்கியது. குய்ஃபென் அதைக் குடியிருப்பு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அலமாரியில் வைத்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திருவியாடி?" என்றேன்.

"டாக்டர் குடுத்தத எப்படி நிறுத்துறது? புள்ள அனுப்புனத எப்படி ஒதுக்குறது? ரெண்டையும் போட்டுக்கிறேன். உனக்கு ஏண்டி வயித்தெரிச்சல்?"

நானும் சிரித்தேன். பெட்டி வேறு, பெயர் வேறு, மாத்திரையின் நிறம் வேறு. உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது என்றாள். வயசாச்சுல்ல என்று கேலி செய்தேன். பாவி நான்.

எட்டாம் நாள் காலை, நாங்கள் கிழவிகள் தினமும் கூட்டமாக ஆடும் பூங்காவுக்கு அவள் வரவில்லை. போய்ப் பார்த்தால், மாவு பிசைந்த கையோடு அடுப்படியில் கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு மூச்சில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு பெட்டிகளையும் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. கம்பெனிதான் வேற. அளவு ரெண்டு மடங்காகி சர்க்கரை ஒரேயடியா எறங்கிருச்சு."

மூன்றாம் நாள் போய்விட்டாள். லெய்மிங் வருவதற்குள் அந்த இரண்டு பெட்டிகளையும் என் கோட்டுப் பைக்குள் ஒளித்தேன். நான் ஒளித்ததை டாக்டர் பார்த்தார். அவனிடம் சர்க்கரை இறங்கிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தகனம் முடிந்து வீடு திரும்பியதும் லெய்மிங் அலமாரியைத் திறந்து, பிரிக்காமல் இருந்த மீதி ஐந்து பெட்டிகளைப் பார்த்தான்.

"சித்தி, அம்மா எதையும் வீணாக்கக் கூடாதுன்னு எடுத்து எடுத்து வைப்பாங்களே. நான் அனுப்புன மாத்திரையையாவது ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

நான் கோட்டுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டாப்பா. ஒரு வேளைகூட விடல."

"அது போதும் சித்தி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.